தாளுக்கு வெளியே ஒரு கல்

அத்தியாயம் 11

"அம்மா, நான்தான் உங்க கடைக்குட்டி பேசறேன். வயசு இருபத்தி நாலு, நேத்துலேருந்து மாறலை. இருக்கிற இடம் அக்கா வீட்டுக் குளியலறை. உடம்புக்கு ஒண்ணுமில்லை. சாப்பிட்டேன்னு வச்சுக்கோங்க."

அவன் பேசப் பேசக் கைபேசித் திரையில் எழுத்துகள் ஓடின. விரலால் தட்டி எழுதினால் 'நலம்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவனுக்கு வராது. ஒரு தடவை அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பிவைக்க, அம்மா பதறிப்போய் அக்காவின் வேலையிடத்துக்கு நாலு முறை போன் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் இப்படி வாயால் ஒரு முழு வாக்குமூலம்.

"இன்னைக்குத்தான் அந்த நாள்," என்று சொன்னவன், அந்த வரியை மட்டும் அழித்தான். அம்மா தூக்கத்தைக் கெடுப்பானேன்.

அந்த நாள் எது என்று வாராவாரம் கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை.

ஊரையும் நாட்டையும் விட்டு வந்து எட்டு மாதம். அக்கா வீட்டு சோபாதான் படுக்கை. பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியர். முதல் நாள் அக்கா கூடவே வந்து "என் தம்பி" என்று அறிமுகம் செய்துவைத்ததில், பள்ளிக்கூடம் முழுக்க அவன் 'தம்பி வாத்தியார்' ஆகிவிட்டான். வேலை நிரந்தரமானால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டும். தங்கும் அனுமதி அந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது. அதற்கு ஒரு படிவம். அதில் ரெண்டு கையெழுத்து. ஒன்று, இன்று அவனுடைய வரலாற்றுப் பாடத்தைப் பார்க்க வரும் ஆய்வாளருடையது. இன்னொன்று தலைமையாசிரியையுடையது.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"மாமா, வெளியே வாங்க. பல்லு தேய்க்கணும்."

"குளிச்சிட்டிருக்கேன்மா."

"இல்லை. ஏழு நிமிஷமா பேச்சுச் சத்தம் வருது, தண்ணிச் சத்தம் வரலை."

அக்காவின் மகள். வயது ஒன்பது. தேங்காய் துருவுகிற மாதிரி கேள்வி கேட்பதால் அவளுடைய அப்பாவே வைத்த பெயர் 'துருவி'. வீட்டில் மட்டும் துருவினால் பரவாயில்லை. அவன் வகுப்பிலேயே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

சமையலறையில் அக்கா ஒரு கையால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இன்னொரு கையால் சீருடைப் பொத்தானைப் போட்டாள். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை.

"பயந்துக்காதடா. ஒரு மணி நேரம். பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடு."

"பல்லைக் கடிச்சா உங்க டாக்டர்கிட்டதான் வரணும்."

"வா. வரிசையில பின்னாடி போட்டு விடறேன்."

வாசலில் அத்தான் தன் சாந்து பூசும் கரணையையும் மட்டப் பலகையையும் வாளிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட தரையில்தான் நடக்கிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார், கேட்காமலே.

அவர் பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சுருட்டிக் கட்டிய பழுப்புத் தாள். ஒட்டி முடித்த தரையில் கீறல் விழாமல் விரித்து வைக்கிற கெட்டித் தாள். அதில்தான் இன்றைய பாடத்தின் காலக்கோடு. கட்டத்துக்கு ஐந்து வருஷம், இருபது கட்டம், மொத்தம் நூறு வருஷம் என்று தம்பி வாத்தியார் கணக்குச் சொல்ல, நேற்று சாயங்காலம் அப்பாவும் மகளும் முன்னறையில் விரித்துப் போட்டுக் கோடு அடித்தார்கள். அவன் அப்போது உள்ளே உட்கார்ந்து பாடக்குறிப்பை நாலாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை பிரிச்சுக் காட்டு," என்றான்.

"ஸ்கூல்ல பாருங்க," என்றாள் துருவி.

"மாப்ள, எம் பொண்ணு நூல் பிடிச்சு அடிச்ச கோடு. மயிரிழை விலகாது. நிம்மதியா போ."

அத்தான் 'நிம்மதியா' என்று சொன்னாலே அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் மணி எட்டாகியிருந்தது.

துருவியின் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. உள்ளே துண்டில் சுற்றிய ஏதோ கனமான சாமான்.

"என்னடி அது?"

"வீட்டுப்பாடம். வயசு சொல்ற மாதிரி ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னீங்கல்ல."

"பால்கனியில இருந்து எடுத்தியா?" என்று உள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள். பழைய தரையைப் பெயர்க்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டுவருவது அத்தானின் வழக்கம். "மத்த வீட்டு ஆம்பளைங்க வேலைக்குப் போனா சம்பளம் கொண்டு வருவாங்க. இவரு தரையைக் கொண்டு வராரு. எடுத்தா எடுத்துட்டுப் போ. ஒண்ணாவது குறையட்டும்."

மாமாவும் மருமகளும் தாள்சுருளின் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். தெருமுனை சிக்னல்தான் எல்லை. அதுவரைக்கும் மாமா, தாண்டினால் சார். அவளே போட்ட சட்டம்.

பச்சை விளக்கு எரிந்தது.

"மாமா, பயமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சாலையில் இறங்கினாள். அவன் பதில் தேடுவதற்குள் மறுபக்கம் வந்துவிட்டது. "சரி விடுங்க, சார்," என்றாள்.

*

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வரைக்கும் கோட்டு, கையில் அட்டை வைத்த படிவம். கடைசி வரிசையில் குழந்தைகள் நாற்காலியில், முழங்கால் முகவாயைத் தொடும்படி உட்கார்ந்துகொண்டார். தலைமையாசிரியை வாசல் வரை வந்து சிரித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழா. அந்த வேலை அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது.

பெஞ்சுகளை ஓரம் தள்ளியாயிற்று. தம்பி வாத்தியார் தலையசைக்க, துருவியும் இன்னும் மூன்று பேரும் தாளை உருட்டி விரித்தார்கள்.

கோடு நேராகத்தான் இருந்தது. கட்டங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஆனால் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய 'இன்று', தாளின் நட்டநடுவில் சிவப்பு எழுத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கு இடது பக்கம் பத்துக் கட்டம், வலது பக்கம் பத்துக் கட்டம்.

அவன் இரண்டே எட்டில் அருகே வந்தான். குனிந்து துருவியிடம் கிசுகிசுத்தான். "ஏம்மா இன்னைக்கை நடுவுல வச்ச?"

"அப்பா சொன்னாரு, சார். எந்தத் தரையா இருந்தாலும் நடுவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். அப்பதான் ரெண்டு ஓரத்துலயும் வெட்டிப் போடற கல்லு சமமா வரும்."

அவள் கிசுகிசுக்கவில்லை. கடைசி வரிசையில் பேனா ஏதோ எழுதியது.

நூறு வருஷம் போக வேண்டிய தாள் ஐம்பது வருஷத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு பாதி, இனிமேல் வரப்போகிற ஐம்பது வருஷத்துக்கு. அதற்கு வீட்டிலிருந்து யார் பொருள் கொண்டுவருவார்கள்?

நல்லவேளை, பசங்களுக்கு அதில் குழப்பமே இல்லை. 'அலாரம்' என்று பேர் வாங்கிய பெருங்குரல் பையன், பசைப் பாட்டிலோடு வந்து வலது பாதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இங்க எதுவும் நடக்கலைல்ல. நாம உக்காந்துக்கலாம்." இருபத்தெட்டுப் பேரும் வராத வருஷங்களின் மேல் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

தம்பி வாத்தியார் கையைத் தட்டினான். சரி. பாதித் தாள் என்றால் பாதித் தாள்.

"என்ன விதி?" என்று கேட்டான்.

"முதல்ல ஒட்டாம வச்சுப் பாக்கணும். எப்படித் தெரியும்னு சொல்லணும். எல்லாரும் ஒத்துக்கிட்டா பசை," என்று வகுப்பே பாடியது. ஒட்டாமல் அடுக்கிப் பார்க்கிற விதி அத்தானுடையது. அவன் வகுப்பறைக்குக் கடத்தி வந்தது.

பொருள்கள் வரத் தொடங்கின. ஒரு பையனின் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிய பட்டை. அதிலேயே தேதி இருந்தது, பசை. விளையாட்டு மைதானத்து டிக்கெட், பசை. ஒரு துருப்பிடித்த சாவியைக் கொண்டுவந்த பெண், "இது நூறு வருஷம் பழசு," என்றாள்.

'வக்கீல்' கையைத் தூக்கினான். எதிர்க் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவன். "எப்படித் தெரியும்?"

"துரு பிடிச்சிருக்கு."

"எங்க வீட்டு சைக்கிள்கூட துரு பிடிச்சிருக்கு. அது எனக்கு வாங்கினது."

சாவிக்குப் பசை கிடைக்கவில்லை. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டாலும், சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரிசைப் பேனா நின்றிருந்தது. ஆய்வாளர் கழுத்தை நீட்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது ஓரத்தில், ஐம்பது வருஷத்துக்கு முன்னால், முன்கூட்டியே எழுதி வைத்த அட்டை: 'நம் பள்ளிக் கட்டடம் கட்டித் திறந்தது, 1975.' வாசலில் இருக்கிற கல்வெட்டைப் பார்த்து எழுதியது. காலக்கோடு அங்கே முடிந்தது.

"அடுத்து யாரு?"

துருவி எழுந்தாள். துண்டைப் பிரித்து, ஓரம் உடைந்த சாம்பல் நிறத் தரைக்கல்லை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு இடது பக்கமாக நடந்தாள். தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பது. 1975ஐத் தாண்டினாள். தாளையும் தாண்டினாள். தாள் முடிந்த இடத்திலிருந்து ஒன்றரைக் கட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக முழம் போட்டு அளந்து, கல்லை வெறும் தரையில் வைத்தாள்.

'டக்' என்று சத்தம் கேட்டது.

"தாள் பத்தலை, சார்," என்றாள்.

"என்ன அது?"

"நம்ம தாழ்வாரத்துக் கல்லு. தண்ணிக் குழாய்கிட்ட ஆடிட்டிருந்துதே, போன வாரம் எங்கப்பா வந்து மாத்தினாருல்ல, அது." கல்லைக் குப்புறத் திருப்பினாள். "கல்லு வயசு மூஞ்சில இருக்காது, முதுகுலதான் இருக்கும்னு அப்பா சொல்லுவாரு. பாருங்க."

முதுகில் சிமெண்ட் உதிர்ந்த இடத்தில், செய்த ஆலையின் முத்திரையும் நாலு எண்களும் அச்சாகியிருந்தன. 1967.

வகுப்பு மொத்தமும் வராத வருஷங்களிலிருந்து எழுந்து ஓடி வந்தது.

"கட்டடம் கட்டினது எழுபத்தஞ்சு," என்று வக்கீல் மெதுவாகச் சொன்னான். "கல்லு அறுபத்தேழு. கட்டடம் வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே தரை வந்துடுச்சா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ, கல்வெட்டுதான் தப்பு என்றார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தலைமையாசிரியை சொல்கிற கதை எல்லோருக்கும் மனப்பாடம்: முட்புதர் மண்டிக் கிடந்த வெற்று நிலம், அங்கே முதல் செங்கல், அதில் எழும்பிய பள்ளி.

தம்பி வாத்தியார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றலாம். கல்லைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு அடுத்த பொருளைக் கூப்பிடலாம். ஆனால் வக்கீல் அதற்குள் கையைத் தூக்கிவிட்டான்.

"பழைய கல்லை வாங்கி ஒட்டியிருக்கலாமே, சார்."

"அப்படின்னா முதுகுல ரெண்டு தினுசு சிமெண்ட் இருக்கும்," என்றாள் துருவி. "இதுல ஒண்ணுதான்."

"கடையில எட்டு வருஷம் விக்காம கிடந்திருந்தா?"

துருவி கல்லின் முதுகை மறுபடி தடவிப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியும்," என்றாள்.

"சாட்சியைக் கூப்பிடுங்க," என்றான் வக்கீல்.

தம்பி வாத்தியார் ஆய்வாளரைப் பார்த்தான். அவர் முகத்தில் ஆம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கைபேசியை எடுத்து மேசையில் வைத்து, ஒலிபெருக்கியை அழுத்தினான். மறுமுனையில் டைல்ஸ் அறுக்கிற மிஷின் அலறி ஓய்ந்தது.

"சொல்லு மாப்ள. ஊத்திக்கிச்சா?"

"அத்தான், ஸ்பீக்கர்ல இருக்கீங்க. வகுப்பே கேக்குது. ஆய்வாளர் மேடமும் இருக்காங்க."

"அய்யோ." தொண்டையைச் செருமினார். "வணக்கம்."

வக்கீல் கேள்வியைக் கேட்டான். அத்தான் யோசித்தார். கேட்டவன் ஒன்பது வயசு என்பதற்காக அவர் யோசனையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"கடையில கிடந்திருக்கலாம் தம்பி. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே எழுதிக்கோ. ஆனா எனக்கு வேற ஒரு சந்தேகம்."

"என்ன?"

"அந்தத் தாழ்வாரத்துக்கு வாட்டம் இருக்கு. தண்ணி வடியறதுக்குத் தரையைச் சரிவா போடறதைத்தான் வாட்டம்னு சொல்லுவோம். மழைத் தண்ணி போகணும்னா வெளிப்பக்கமா சரியணும். இது ரெண்டு பக்கத்துல இருந்தும் நடுவுக்குச் சரியுது. நடுவுல பெரிய வடிகால் ஓட்டை இருந்திருக்கு, சிமெண்ட் வச்சு அடைச்சுட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அது? வாளி வாளியா தண்ணி ஊத்திக் கழுவுற இடத்துக்குத்தான் அப்படிப் போடுவாங்க."

"இதை ஏன் அத்தான் அன்னைக்கே சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

போனை வைத்ததுதான் தாமதம், அலாரம் தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "சார், ஊத்திப் பாக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் தம்பி வாத்தியாரின் நாக்கு எழுந்தது. இருபத்தெட்டு முகமும் அவனையே பார்த்தன. "ஊத்துங்க," என்றது வேறு யாரோ மாதிரி அவனுடைய வாய்.

தாழ்வாரத்தின் வெளிவிளிம்பில் நின்று பாட்டிலைக் கவிழ்த்தார்கள். ஒரு அடி நகர்ந்தால் தோட்டம். தண்ணீர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஒரு கணம் தயங்கி, திரும்பி, கல்லிடுக்குகளில் நூல் பிடித்தது போல நடுத் தாழ்வாரத்தை நோக்கி ஊர்ந்தது. சுவரோரம் நின்ற கோஷ்டி ஊற்றிய தண்ணீரும் எதிரிலிருந்து வந்து அங்கேயே சேர்ந்தது. இரண்டும் ஒன்றாகி, நடுவில் வந்து நின்ற ஆய்வாளரின் காலணியைச் சுற்றி ஒரு குட்டையாகத் தேங்கியது.

"இதனாலதான் இங்க எப்பவும் தண்ணி நிக்குது," என்றாள் சாவிப் பெண். "நாங்க கொட்டறோம்னு ஆயாம்மா திட்டுவாங்க."

ஆய்வாளர் காலை எடுக்கவில்லை. குனிந்து, நீர் நின்ற இடத்தில் மற்ற கற்களை விட வெளிறியிருந்த ஒரு வட்டத்தைப் பேனாவால் தட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை வந்தார்.

"என்ன தம்பி இது? பாடம் நடத்தச் சொன்னா தரை கழுவிக்கிட்டிருக்கீங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகு முகம் இறுகியது. அறுநூறு விழா மலர் அச்சாகி வந்து அலுவலகத்தில் அடுக்கியிருக்கிறது. முதல் வரியே 'முட்புதர் மண்டிய வெற்று நிலத்தில்' என்றுதான் தொடங்குகிறது.

"கல்வெட்டுல எழுபத்தஞ்சுன்னு இருக்கு," என்றார் அமைதியாக. "அந்தக் கல்லை எழுபத்தஞ்சு மேல வச்சு ஒட்டிடுங்க. மணி அடிக்கப் போகுது. பாடத்தை முடிங்க."

எல்லோரும் வகுப்புக்குள் வந்தார்கள். அலாரம் பசைப் பாட்டிலை நீட்டினான். பாடக்குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: 'இறுதியில் எல்லாப் பொருள்களும் ஒட்டப்படும்.' நாலு முறை திருத்தியபோதும் அந்த வரியை அவன் மாற்றியதில்லை.

ஒரு சொட்டுப் பசை. ரெண்டு கையெழுத்து. அம்மாவுக்கு இன்று ராத்திரியே நல்ல சேதி.

அவன் பாட்டிலை வாங்கினான். மூடியைப் போட்டுத் திருகினான்.

"ஒட்டலை, டீச்சர்," என்றான். குரல் நடுங்கவில்லை. அது முதலில் அவனுக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது. "ரெண்டு மாசமா இவங்ககிட்ட நான் கேக்கிற ஒரே கேள்வி, 'எப்படித் தெரியும்?' இன்னைக்கு இவங்க என்னைக் கேக்கறாங்க. எனக்குத் தெரியாது. கல்வெட்டு தப்புன்னும் நான் சொல்லலை. ஆனா அந்தக் கல்லு இப்போதைக்கு அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

மணி அடித்தது.

இடைவேளை மணி அடித்தால் நாலாம் வகுப்பு மடை உடைந்த மாதிரி ஓடும். இன்றைக்கு ஒருத்தரும் நகரவில்லை. வக்கீல் தாளுக்கு வெளியே மண்டியிட்டு, கல்லின் முதுகைப் பென்சிலால் தாளில் படியெடுத்துக்கொண்டிருந்தான்.

*

அலுவலகத்தில் ஆய்வாளர் படிவத்தை மேசையில் வைத்தார். 'பாடம் குறித்த நேரத்தில் முடிந்ததா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார். தம்பி வாத்தியார் அதைத் தலைகீழாகப் படித்தான்.

"காலக்கோடு தப்பு," என்றார் அவர். "இன்னைக்கை நடுவுல வச்சது யாரா இருந்தாலும், வாத்தியார் முதல் நாளே விரிச்சுப் பாத்திருக்கணும்."

"ஆமா மேடம்."

"இருபது வருஷமா கடைசி வரிசையில உக்காந்துட்டேன் தம்பி. நேரத்துக்கு முடிஞ்ச பாடம் எவ்வளவோ பாத்தாச்சு. மணி அடிச்சும் பசங்க ஓடாத பாடம் விரல் விட்டு எண்ணிடலாம்." கீழே சர்ரென்று கையெழுத்துப் போட்டார். ஈரக் காலணி சறுக்கச் சறுக்க வாசல் வரை போனவர், திரும்பிப் பார்த்தார். "அந்த சாவி உண்மையிலேயே எவ்வளவு பழசுன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

படிவம் தலைமையாசிரியை பக்கம் நகர்ந்தது. அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லை தம்பி. கோபம் இருக்கு, ஆனா கையெழுத்துப் போடாதது அதுக்காக இல்லை." விழா மலர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "இந்த முதல் வரியை எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன். யாரும் எப்படித் தெரியும்னு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை."

அவர் மலரை மூடி வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை விழா. அதுக்குள்ள இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு உங்க பசங்க கண்டுபிடிச்சா, அறுநூறு புத்தகத்துலயும் திருத்தச் சீட்டு ஒட்டிட்டு இதுலயும் கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா, ஆதாரம் இல்லாம கல்வெட்டைச் சந்தேகப்படச் சொல்லிக் குடுத்தீங்கன்னு நான் எழுத வேண்டி வரும். நியாயம்தானே?"

நியாயம்தான். அதுதான் சங்கடம்.

"நியாயம்தான், டீச்சர். கேட்ல ஒரு அறிவிப்பு மட்டும் ஒட்டிக்கலாமா?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "பசை ஒழுகாம ஒட்டுங்க," என்றார்.

வெளியே வந்ததும் கைபேசி அதிர்ந்தது. அக்கா.

"என்னடா ஆச்சு? சீக்கிரம் சொல்லு. உள்ள ஒருத்தருக்குப் பல்லைப் பிடுங்கறாங்க, நான் பில் போடணும்."

"ஒரு கையெழுத்து ஆச்சு."

"இன்னொண்ணு?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு ஒரு வாரத்துல கண்டுபிடிக்கணும்."

"உன்னை வாத்தியார் வேலைக்கு எடுத்தாங்களா, துப்பறியற வேலைக்கு எடுத்தாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் போல இருக்கு, அக்கா."

"பயமா இருக்கா?"

"காலையில இருந்துச்சு. இப்ப நேரமில்லை."

குழாயடியில் துருவி தனியாக நின்றிருந்தாள். அவனைக் கண்டதும் காலால் தரையைத் தேய்த்தாள்.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"இன்னைக்கை நடுவுல வச்சது தப்பு."

"கல்லு?"

"கல்லு தப்பில்லை."

"கையெழுத்து கிடைச்சுதா?"

"ஒண்ணு."

"மொத்தம் ரெண்டுல்ல?" அவள் நெற்றி சுருங்கியது. பள்ளி எல்லைக்குள் அவள் போட்ட சட்டத்தை அவளே மறந்தாள். "அப்ப பாதி மாமாதான் இங்க இருப்பீங்களா?"

"எந்தப் பாதி வேணும்?"

"பதில் தெரிஞ்ச பாதி."

"அந்தப் பாதியைத்தான் இன்னும் காணோம். வா, தேடலாம்."

பள்ளி விடும் வரை நாலாம் வகுப்பு ஒரே ஒரு தாளோடு மல்லுக்கட்டியது. 'கண்டுபிடித்துத் தருபவர்களுக்குப் பரிசு' என்று போட வேண்டும் என்றான் அலாரம். பரிசு என்று போட்டால் பொய் சொல்ல ஆள் வருவார்கள் என்றான் வக்கீல். கடைசியில் கையெழுத்து அழகாக இருக்கிற சாவிப் பெண் எழுத, தம்பி வாத்தியார் ஒரு எழுத்தையும் திருத்தாமல் இரும்புக் கேட்டில் ஒட்டினான். பசை ஒழுகவில்லை.

மூன்றரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வந்தவர்கள் நின்று படித்தார்கள். சிரித்தார்கள், தோளைக் குலுக்கினார்கள், போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு, எதிரே பேருந்துக்காகக் காத்திருந்த ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கடைச் சீருடை, கையில் காய்கறிப் பை. ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து, உள்ளே ஈரம் காயாத தாழ்வாரத்தின் நடுவைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது, மூடியது, போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து தம்பி வாத்தியார் அதைக் கண்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கத் தொடங்கினான். கேட்டில் அவள் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்:

'நாங்கள் நாலாம் வகுப்பு. எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் தண்ணீர் ஊற்றினால் வெளியே போகாமல் நடுவுக்கு வருகிறது. அங்கே ஒரு பெரிய ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் 1967 என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து உள்ளே வந்து எங்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் வந்தால் நல்லது.'